நான்கு கணினிகளுக்கு ஒரே மெமரி: விடை சரி, வேகம்தான் இல்லை

#1 நூலிழை

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் புரோகிராம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 4000 வரிசை, வரிசைக்கு 4000 கட்டம், கட்டத்துக்கு எட்டு பைட். பழைய அட்டவணையில் ஒரு கட்டத்தின் நான்கு அண்டைக் கட்டங்களைப் படித்து, சராசரியைப் புதிய அட்டவணையில் எழுத வேண்டும். சுற்று முடிந்ததும் இரண்டு அட்டவணைகளும் இடம் மாறிக்கொள்ளும். மதிப்புகள் அசையாமல் நிற்கும்வரை இதே வேலை. ஒரே கணினியில் எட்டு திரெட்டுகளோடு (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் எட்டு வேலையோட்டங்கள்) ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அதே ரகத்தில் இன்னும் மூன்று கணினிகள் சும்மா இருந்தன. புரோகிராம் கோடை மாற்றாமல் நான்கிலும் ஓட்டினால் என்ன என்று ஒரு சின்ன லைப்ரரி எழுதினேன். அட்டவணைகளுக்கு எம்-மேப் என்ற சிஸ்டம் அழைப்பால் மெமரி ஒதுக்கி, எம்-புரொடெக்ட் என்ற இன்னொன்றைப் போட்டு எல்லாப் பக்கங்களையும் (மெமரியின் 4096 பைட் துண்டுகள்) பூட்டிவிடுவேன். எந்தத் திரெட்டாவது தொட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் (பூட்டிய இடத்தைத் தொட்ட பிழை) சிக்னல் வரும். அதைப் பிடித்து, அந்தப் பக்கம் எந்தக் கணினியிடம் இருக்கிறதோ அதனிடமிருந்து நெட்வொர்க்கில் டிசிபி வழியாக வாங்கி, பூட்டைத் திறந்து, திரெட்டைத் தொடர விடுவேன். படிக்கப் பலர் பிரதி வைத்திருக்கலாம். எழுத ஒருவருக்குத்தான் உரிமை. எழுத வந்ததும் மற்றவர்களின் பிரதி செல்லாது.

விடை அச்சு அசலாக வருகிறது. ஆனால் நான்கு கணினி, 32 திரெட் போட்டும் ஒற்றைக் கணினியைவிடப் பல மடங்கு மெதுவு. நெட்வொர்க் 1 ஜிகாபிட். எங்கே கோட்டை விட்டேன்?

#2 செய்திக்காரன்

எம்பிஐ-யில் எழுதுங்கள், கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக் கணக்கிடும் முறை அது. 1994-லிருந்து இருக்கிறது. இந்த மாதிரிக் கணக்குக்கென்றே பிறந்தது.

#3 பழம்பொறி

அதை அப்புறம் சொல்லலாம் செய்திக்காரரே, முதலில் என்ன நோய் என்று பார்ப்போம்.

நூலிழை, தெரிந்தோ தெரியாமலோ நீங்கள் 1986-க்குப் போயிருக்கிறீர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் காய் லீ முனைவர் பட்டத்துக்குச் செய்த வேலை கிட்டத்தட்ட இதேதான்: அப்பல்லோ கணினிகளை வளைய நெட்வொர்க்கில் கோத்து, பேஜ் ஃபால்ட்டைப் பிடித்து, பக்கத்தை இழுத்து வந்து, ஒரே மெமரி மாதிரி காட்டுவது. அதற்கு ஐவி என்று பெயர். அவர் பக்கத்தை அலகாக எடுத்ததற்கும் நீங்கள் எடுத்ததற்கும் காரணம் ஒன்றுதான். பிராசசர் காசு வாங்காமல் காவல் காக்கும் மிகச் சிறிய அலகு பக்கம். அதைவிடச் சின்னதாக வேண்டுமென்றால் ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் நீங்களே சோதனை போட வேண்டும்.

சிக்கலும் அந்த அலகில்தான். சிக்னலைப் பிடிக்கும் உங்கள் ஹேண்ட்லரில் ஒரு எண்ணிக்கை போடுங்கள்: எந்தப் பக்கம் எத்தனை முறை ஃபால்ட் ஆகிறது என்று. கூடவே ஒன்று சொல்லுங்கள், மதிப்புகள் அசையாமல் நின்றுவிட்டன என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

#4 நூலிழை

எண்ணிப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. மொத்த ஃபால்ட்டுகளில் பெரும்பகுதி ஒரே ஒரு பக்கத்தில். அது அட்டவணைப் பக்கமே இல்லை.

வித்தியாசம்[32] என்று ஒரு அணி வைத்திருக்கிறேன், திரெட்டுக்கு ஒரு இடம். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அந்தத் திரெட் தன் இடத்தில் கூட்டி எழுதும். ஒருவர் இடத்தை இன்னொருவர் தொடுவதே இல்லை, அதனால் லாக் (ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தும் பூட்டு) கூடத் தேவைப்படவில்லை.

#5 பழம்பொறி

புரோகிராமில் யாரும் யாரையும் தொடவில்லை. உங்கள் லைப்ரரிக்கு அது தெரியாதே. 32 இடம், எட்டு எட்டு பைட், மொத்தம் 256 பைட். பக்கம் 4096 பைட். நான்கு கணினிகளும் ஒரே பக்கத்தில் எழுதுகின்றன என்பதுதான் லைப்ரரிக்குத் தெரியும். எழுதும் உரிமை ஒருவருக்குத்தான், ஆக பக்கம் பந்து மாதிரிப் பறக்கும். இதைத்தான் ஃபால்ஸ் ஷேரிங் என்பார்கள், பொய்ப் பகிர்வு.

கணக்குப் போடுவோம். சுற்றுக்கு 4000 வரிசை. மோசமான நிலையில் ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு பயணம். 4096 பைட் 1 ஜிகாபிட் கம்பியில் போகவே 33 மைக்ரோசெகண்ட். சிக்னல், எம்-புரொடெக்ட், டிசிபி, எதிர்முனையில் உரிமையைப் பறிப்பது எல்லாம் சேர்த்தால் 100-ஐச் சுலபமாகத் தாண்டும். 100 என்றே வைத்தாலும் 4000 பயணத்துக்கு 0.4 செகண்ட். உண்மையான வேலை எவ்வளவு? ஒரு கணினி தன் பங்கில் 32 மெகாபைட் படித்து 32 மெகாபைட் எழுதுகிறது. அது சில மில்லிசெகண்ட். அதாவது சில மில்லிசெகண்ட் வேலைக்கு 400 மில்லிசெகண்ட் பந்து விளையாட்டு.

இன்னொன்று. இதே கூத்து ஒற்றைக் கணினியிலும் நடந்துகொண்டுதான் இருந்தது. அங்கே பக்கத்துக்குப் பதில் 64 பைட் கேஷ் லைன், அதாவது பிராசசர் தன்னிடமே வைத்திருக்கும் வேக மெமரியின் அலகு. எட்டுத் திரெட்டுகளின் எட்டு இடங்களும் ஒன்றிரண்டு லைனுக்குள் அடங்கிவிடும். ஒரு லைன் பிராசசருக்குள் கோரிலிருந்து கோருக்குப் போக 100 நானோசெகண்ட் அளவுதான். பில் சின்னதாக இருந்ததால் நீங்கள் கவனிக்கவில்லை. இப்போது அதே பில் ஆயிரம் மடங்காக வந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: திரெட் தன் லோக்கல் மாறியில் கூட்டிக்கொள்ளட்டும். சுற்று முடிவில் கணினிக்கு ஒருமுறை மட்டும் பொது இடத்தில் எழுதட்டும், அதுவும் கணினிக்கு ஒரு தனிப் பக்கத்தில்.

#6 நூலிழை

ஐந்து வரி மாற்றம். ஒற்றைக் கணினியை இப்போது முந்திவிட்டது! ஆனால் நான்கு கணினி போட்டதற்கு இரண்டு மடங்கு வேகத்தைக்கூடத் தொடவில்லை.

ஃபால்ட் எண்ணிக்கையில் ஒரு புதிர் வேறு. வரிசைகளை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்திருக்கிறேன். முதல் கணினி 0 முதல் 999, இரண்டாவது 1000 முதல் 1999, அப்படியே. அட்டவணையின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் 7812, 23437 என்ற இரண்டு பக்கங்கள் மட்டும் மற்ற எல்லைப் பக்கங்களைவிட அதிகமாக அலைகின்றன. முதல் எண் 1-2 கணினிகளின் எல்லை, அடுத்தது 3-4 எல்லை. நடுவில் 2-3 எல்லையில் அப்படி ஒரு பக்கமே இல்லை. நான்கும் ஒரே ரகக் கணினி, ஒரே ஸ்விட்ச், ஒரே கோடு. கேபிள் கூட மாற்றிப் பார்த்துவிட்டேன்.

#7 மீதிபூஜ்யம்

கேபிளை விடுங்கள், வகுத்துப் பாருங்கள்.

ஒரு வரிசை 32,000 பைட். ஆயிரம் வரிசை 3,20,00,000 பைட். 4096-ஆல் வகுத்தால் 7812.5. முதல் எல்லை பக்கத்தின் சரிபாதியில் விழுகிறது. 7812-ஆம் பக்கத்தில் முதல் 2048 பைட் முதல் கணினியின் கடைசி வரிசை, மீதி 2048 பைட் இரண்டாவது கணினியின் முதல் வரிசை. இரண்டாவது எல்லை அதன் இருமடங்கு: 15625, மீதி பூஜ்யம். பக்கம் முடியும் இடத்திலேயே எல்லை, அதனால்தான் அங்கே அமைதி. மூன்றாவது 23437.5, மறுபடி பாதி.

என் பெயருக்கு ஏற்ற கேள்வி கேட்டதற்கு நன்றி.

#8 நூலிழை

😀 இரண்டு நாள் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் வரிசையை 4096 கட்டமாக நீட்டிவிடலாமா? 32,768 பைட், சரியாக எட்டுப் பக்கம். எல்லா எல்லையும் ஒழுங்காக விழும்.

#9 மீதிபூஜ்யம்

விழும், ஆனால் வேறொரு குழியில் விழுவீர்கள். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை மூன்றிலும் ஒரே நெடுக்கில் இருக்கும் கட்டங்களின் முகவரிகள் அப்போது 4096-இன் மடங்காக விலகி நிற்கும். 32 கிலோபைட், எட்டு வழி எல்-1 கேஷில் அவை எல்லாம் ஒரே செட்டில் (எட்டு லைனுக்குத்தான் அதில் இடம்) போய் முட்டும். எழுதும் அட்டவணையும் அதே செட்டில் சேரும். எட்டு வழியில் நான்கு போனால் உடனே செத்துவிடாது, ஆனாலும் வேண்டாத வம்பு. இரண்டின் அடுக்காக வரும் அகலத்தைப் பார்த்தாலே எனக்கு ஒரு சந்தேகம் வரும்.

ஆயிரம் வரிசைக்கு ஒருமுறை 2048 பைட் வெற்றிடம் விடுங்கள் போதும். ஒரு பங்கு 7813 பக்கமாகிவிடும்.

#10 செய்திக்காரன்

நான் காத்திருந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

எல்லையை ஒழுங்காக்கிய பிறகும் என்ன நடக்கும் பாருங்கள். இரண்டாவது கணினி தன் முதல் வரிசையைக் கணக்கிட, முதல் கணினியின் 999-ஆம் வரிசை வேண்டும். பக்கத்தின் நடுவில் தொடங்குவதால் அது ஒன்பது பக்கத்தைத் தொடும். முதல் பக்கத்தைத் தொடுகிறது, ஃபால்ட், கேட்கிறது, வருகிறது. அடுத்த பக்கம், மறுபடி ஃபால்ட். இப்படி ஒன்பது தடவை போய் வர வேண்டும். அடுத்த சுற்றில் முதல் கணினி அதே பக்கங்களில் எழுத வரும்போது இந்தப் பிரதிகளைச் செல்லாதாக்க இன்னும் ஒன்பது தடவை. எம்பிஐ-யில் 32,000 பைட்டை ஒரே செய்தியாக அனுப்பினால் கம்பியில் 256 மைக்ரோசெகண்ட். யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை, ஏனென்றால் அது வேண்டுமென்று அனுப்புகிறவனுக்கே தெரியும்.

அந்தத் தெரிதல்தான் விஷயம். உங்கள் லைப்ரரிக்கு எது எப்போது தேவை என்று தொட்ட பிறகுதான் தெரியும். முன்கூட்டியே இழுத்து வை என்று ஒரு ஃபங்ஷன் சேர்ப்பீர்கள், எனக்குத் தெரியும். அதைச் சேர்த்த அன்று நீங்கள் எழுதுவது செய்தி அனுப்புதல்தான், பெயர் மட்டும் வேறு.

#11 இரவுப்பணி

செய்திக்காரர் சொல்வது கட்டம் போட்ட தாளுக்குச் சரி. யாருக்கு எது வேண்டும் என்று கோடு எழுதும்போதே தெரிந்துவிடும் கணக்கு அது. கிளை கிளையாகப் பிரியும் மரம், ஒன்றையொன்று பாயிண்டரால் சுட்டும் லட்சம் கணுக்கள், அதிலும் ஓட ஓட வடிவம் மாறுவது, இவற்றை எம்பிஐ-யில் எழுதியிருக்கிறீர்களா? நான் எழுதியிருக்கிறேன். கணக்கு இருநூறு வரி, எதை யாருக்கு அனுப்புவது என்ற நிர்வாகம் இரண்டாயிரம் வரி. அங்கே ஒரே முகவரி வெளி இருப்பது பெரிய நிம்மதி.

அதோடு, பக்கம் பந்தாகப் பறப்பது என்பது பகிர்ந்த மெமரியின் தலைவிதி இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரே எழுத்தாளர் என்ற விதியின் விளைவு அது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் முதலில் முனின், பிறகு 1994-ல் டிரெட்மார்க்ஸ் என்று செய்து காட்டினார்கள். பலர் ஒரே சமயத்தில் எழுதட்டும். முதல் எழுத்தின்போது பக்கத்துக்கு ஒரு இரட்டையை எடுத்து ஓரமாக வை. லாக்கை விடும் இடத்திலோ பேரியரிலோ (எல்லோரும் வந்து சேரும்வரை யாரும் தாண்டாத இடம்) இரட்டையோடு ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் அனுப்பு. நூலிழையின் 7812-ஆம் பக்கத்தில் மேல் பாதியை ஒருவர், கீழ் பாதியை இன்னொருவர் எழுதினால், சுற்று முடிவில் இரண்டு வித்தியாசங்களும் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு பயணமும் கிடையாது. டிரெட்மார்க்ஸ் இன்னும் சோம்பேறி: லாக்கை விட்டவுடன் யாருக்கும் சொல்லாது, அடுத்து அதே லாக்கை எடுப்பவர் வரும்போதுதான் சொல்லும்.

விலை என்ன? லாக்கும் பேரியரும் இல்லாமல் மறைமுகமாகத் தகவல் கடத்தும் கோடு அங்கே வேலை செய்யாது. ஒழுங்காக எழுதிய கோடுக்கு வித்தியாசமே தெரியாது.

#12 நூலிழை

பேரியர் என்றதும் ஞாபகம் வந்தது. இப்போது வேகத்தைவிடப் பெரிய பயம் ஒன்று. நேற்று இரவு முழுக்க ஓட்டினேன். பல ஓட்டங்களில் ஒரே ஒருமுறை விடை தப்பு! ஒரு எல்லை வரிசையில் சில கட்டங்களில் பூஜ்யத்தைப் படித்த மாதிரி இருக்கிறது. திரும்ப ஓட்டினால் சரி. என் பேரியர் ஒரு பொதுக் கொடி மாறி. அதில் எழுதிவிட்டு மற்றவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அதுதான் காரணமா?

#13 பழம்பொறி

கொடியும் தப்புதான், அதற்கு வருகிறேன். ஆனால் பூஜ்யம் என்றதும் எனக்கு வேறு ஒரு இடத்தில் சந்தேகம். பக்கம் நெட்வொர்க்கில் வந்ததும் என்ன வரிசையில் செய்கிறீர்கள்? முதலில் எம்-புரொடெக்ட் போட்டு எழுத அனுமதி கொடுத்து, பிறகு 4096 பைட்டையும் காப்பி செய்கிறீர்களா?

#14 நூலிழை

ஆமாம். அனுமதி இல்லாமல் காப்பி செய்ய முடியாதே.

#15 பழம்பொறி

மாட்டிக்கொண்டது.

பூட்டைத் திறந்ததற்கும் காப்பி முடிவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. ஃபால்ட் ஆன திரெட் ஹேண்ட்லருக்குள் பத்திரமாக நிற்கிறது. மற்ற ஏழு திரெட்டுகளுக்கு? கதவு திறந்திருக்கிறது. அவற்றில் ஒன்று அந்த நொடியில் அதே பக்கத்தைப் படித்தால் ஃபால்ட் வராது, பாதி நிரம்பிய பக்கம்தான் கிடைக்கும். நிரம்பாத பாதியில் பழைய மதிப்போ பூஜ்யமோ இருக்கும். கணினிக்கு ஒரு திரெட் மட்டும் என்றால் இந்தத் தப்பு எந்தக் காலத்திலும் தலைகாட்டாது. அதனால்தான் சோதனையில் எல்லாம் பச்சையாக இருந்திருக்கும்.

பழைய வைத்தியம்: அதே மெமரியை இரண்டு முகவரிகளில் மேப் செய்வது. ஒன்று திரெட்டுகள் பார்க்கும் முன்வாசல், பூட்டுத் திறப்பெல்லாம் அதற்கு. இன்னொன்று லைப்ரரி மட்டும் பயன்படுத்தும் பின்வாசல், எப்போதும் திறந்தே இருக்கும். காப்பியைப் பின்வாசல் வழியாக முடித்துவிட்டு, கடைசியில் முன்வாசலைத் திறக்க வேண்டும். லினக்ஸில் 2015-ல் வந்த யூசர்ஃபால்ட்-எஃப்டி இருந்தால் அந்த வேலையும் மிச்சம். பக்கத்தை நிரப்பி வரைபடத்தில் ஒரே அடியாகப் பொருத்தும் வசதி அதில் உண்டு. பாதிப் பக்கம் யார் கண்ணிலும் படாது.

இப்போது கொடி. ஒன்று எழுதினால் அடுத்தவர் அதே வரிசையில் பார்ப்பார் என்று நம்புகிறீர்கள். கணினி அறிஞர் லாம்போர்ட் 1979-ல் இந்த நம்பிக்கைக்கு ஒரு வரையறை கொடுத்தார், சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சி என்று. எல்லோருடைய செயல்களையும் ஒரே வரிசையில் அடுக்க முடிய வேண்டும், அதில் ஒவ்வொருவருடைய சொந்த வரிசையும் கலையக் கூடாது. நெட்வொர்க் வேண்டாம், உங்கள் மேசைக் கணினியே இதைக் கொடுப்பதில்லை. அ, ஆ இரண்டும் பூஜ்யம். ஒரு திரெட் அ = 1 எழுதிவிட்டு ஆ-வைப் படிக்கிறது. இன்னொன்று ஆ = 1 எழுதிவிட்டு அ-வைப் படிக்கிறது. எப்படி அடுக்கினாலும் ஒருவராவது 1-ஐப் பார்த்தாக வேண்டும், இல்லையா? எக்ஸ்-86 பிராசசரில் இருவருமே பூஜ்யத்தைப் பார்க்கலாம். எழுதியது ஸ்டோர் பஃபர் என்ற காத்திருப்பு வரிசையில் நிற்கும்போதே படிப்பு முந்திக்கொள்ளும். ஆர்ம் பிராசசர் இன்னும் தாராளம்.

கொடி வைத்து மாறி மாறிப் பார்ப்பதில் இன்னொரு கொடுமை. கொடி இருக்கும் அதே பக்கத்தில் வேறு ஏதாவது எழுதப்பட்டால், பார்க்கும் ஒவ்வொருவரும் பக்கத்தை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கம்பேர்-அண்ட்-ஸ்வாப் (மதிப்பு நினைத்தபடி இருந்தால் மட்டும் ஒரே அடியில் மாற்றும் கட்டளை) போட்டு லாக் எடுத்தால் கேட்கவே வேண்டாம்: தோற்கும் ஒவ்வொரு முயற்சியும் எழுதும் உரிமையோடு பக்கத்தைப் பறித்துப் போகும். லாக்கை வைத்திருப்பவர் தன் வேலையை முடிக்கத் தேவையான பக்கத்துக்கே வரிசையில் நிற்பார். லாக்கையும் பேரியரையும் பகிர்ந்த மெமரியில் கட்டாதீர்கள். அவை தனிச் செய்தியாகவே போகட்டும். டிரெட்மார்க்ஸும் அப்படித்தான் செய்தது.

#16 செய்திக்காரன்

கவனித்தீர்களா, பகிர்ந்த மெமரிக்கு உள்ளேயே செய்தி அனுப்பச் சொல்கிறார். 🙂

#17 பழம்பொறி

எப்போதும் உள்ளே செய்திதான் ஐயா. உங்கள் பிராசசருக்குள் கேஷ் லைன் போவதும் செய்திதான். வன்பொருள் அனுப்பினால் உங்களுக்குக் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

#18 கோர்64

இத்தனை நாள் கழித்து ஏன் இந்தச் சிக்னல் சர்க்கஸ் எல்லாம்? சிஎக்ஸ்எல் வந்துவிட்டதே, பிராசசரையும் வெளி மெமரியையும் நேராக இணைக்கும் தரமுறை. 2019-ல் முதல் பதிப்பு, 2020-ல் 2.0-வில் ஒரு மெமரிப் பெட்டியைப் பல கணினிகளுக்குப் பங்கு போடும் வசதி, 2022-ல் 3.0-வில் ஒரே பகுதியைப் பல கணினிகள் ஒரே சமயத்தில் பகிர்வது, அதுவும் வன்பொருளே பிரதிகளை ஒத்துப்போக வைக்கும். அலகு 64 பைட், பக்கம் இல்லை. தாமதம் நானோசெகண்டில். நூலிழையின் வித்தியாசம்[32] கூட அதில் தாங்கியிருக்கும்.

#19 இரவுப்பணி

ஆசையாகத்தான் இருக்கிறது. பிராசசரிலிருந்து நேராக லோடு, ஸ்டோர். உள்ளூர் மெமரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தாமதம் என்றால் கும்பிடு போட்டு வாங்கிக்கொள்வேன். ஆனால் பழைய கேள்வி ஒன்று அப்படியே நிற்கிறது, அதை இந்த இழையில் இதுவரை யாரும் கேட்கவில்லை. மூன்றாவது கணினி செத்துப்போனால்?

எ = அட்டவணை[இ] என்று எழுதுகிறீர்கள். இந்த வரி என்ன பிழையைத் திருப்பித் தரும்? திருப்பித் தர அதற்கு வாயே இல்லை. செய்தி அனுப்பினால் டைம்-அவுட் ஆகும், எதிரில் ஆள் இல்லை என்று தெரியும், ஏதாவது முடிவெடுக்கலாம். மெமரியைப் படிக்கும் கட்டளைக்கு இரண்டே கதி: மதிப்பு வரும், அல்லது புரோகிராம் அப்படியே உறைந்தோ செத்தோ போகும். சன் நிறுவனத்து ஆய்வாளர்கள் 1994-லேயே இதை அழுத்தமாக எழுதினார்கள். தொலைவில் இருக்கும் பொருளை அருகில் இருப்பதுபோல் பாவனை செய்தால் தாமதத்தையாவது ஒருவழியாகச் சமாளிக்கலாம், பாதி மட்டும் செயலிழப்பதைச் சமாளிக்க முடியாது என்று. ஒற்றைக் கணினி போனால் எல்லாம் போகும், அது ஒருவகையில் நேர்மை. நான்கில் ஒன்று போனால் மற்ற மூன்றும் பாதி உண்மையோடு உயிரோடு இருக்கும்.

#20 கோர்64

பிரதி எடுத்து வைத்தால் போயிற்று. ஐந்து கணினியில் ஒரே மதிப்பு, இரண்டு போனாலும் மூன்று இருக்கும்.

#21 இரவுப்பணி

செய்யலாம், ரொம்ப அழகான வழியே இருக்கிறது. ஆய்வாளர்கள் அத்தியா, பார்-நோய், டோலெவ் மூவரும் 1990-களின் தொடக்கத்தில் கொடுத்தது. எழுதுபவர் மதிப்போடு ஒரு வரிசை எண்ணை ஒட்டி, ஐந்தில் மூன்று பேர் வாங்கிக்கொண்டார்கள் என்று பதில் வரும்வரை நிற்பார். படிப்பவர் மூன்று பேரைக் கேட்டு, வரிசை எண் பெரிதாக இருப்பதை எடுத்துக்கொள்வார். ஐந்தில் எந்த மூன்றும் இன்னொரு மூன்றும் குறைந்தது ஒரு ஆளையாவது பொதுவாகக் கொண்டிருக்கும், அதனால் புதுசு தப்பாது. இதில் எனக்குப் பிடித்த இடம்: படிப்பவர் பதிலை எடுத்துக்கொண்டு உடனே போய்விடக் கூடாது. அந்த மதிப்பைத் தானே மூன்று பேரிடம் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையென்றால் இவர் புதுசைப் பார்த்த பிறகு வரும் இன்னொருவர் பழசைப் பார்க்க வாய்ப்புண்டு. படிப்பதற்கே எழுத வேண்டியிருக்கிறது!

ஆனால் இது தருவது படி, எழுது இரண்டு மட்டும். கணினி அறிஞர் ஹெர்லிஹி 1991-ல் காட்டினார்: படி, எழுது மட்டும் இருந்தால், ஒருவர் நின்றுபோனாலும் மற்றவர் தொடரும்படியாக இரண்டே பேர்கூட ஒரு முடிவுக்கு ஒத்துவர முடியாது. கம்பேர்-அண்ட்-ஸ்வாப் இருந்தால் எத்தனை பேரானாலும் முடியும். நாம் எழுதும் கோடெல்லாம் அதை நம்பித்தான் ஓடுகிறது. அதை ஐந்து கணினிகளில் கொண்டுவர பேக்சாஸ், ராஃப்ட் மாதிரி கணினிகளை ஒரே முடிவுக்குக் கொண்டுவரும் முறை ஏதாவது அடியில் ஓட வேண்டும். ஒவ்வொரு ஸ்டோருக்கும் அதைப் போட்டால் உங்கள் நானோசெகண்ட் எங்கே போகும்?

#22 கோர்64

சரி, பெட்டி தனியாக, கணினி தனியாக. கணினி செத்தாலும் சிஎக்ஸ்எல் பெட்டியில் இருக்கும் மதிப்பு சாகாதே?

#23 இரவுப்பணி

பெட்டியில் இருப்பது சாகாது. செத்த கணினியின் கேஷில், பெட்டிக்கு இன்னும் திரும்பி எழுதப்படாத லைன்கள் அதோடு போகும். லாக்கைப் பிடித்தபடி செத்திருந்தால் லாக் பெட்டியில் பத்திரமாகப் பூட்டியே இருக்கும். 😀 பெட்டியே போனால் அதை நம்பிய எல்லோரும் போவார்கள். கெட்டது என்று சொல்லவில்லை. நிறையப் படித்து அபூர்வமாக எழுதும் பெரிய அட்டவணைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

#24 நூலிழை

இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகக் கேபிளைக் காப்பாற்றிய மீதிபூஜ்யத்துக்கு. கடைசியில் செய்தது இது.

மெமரியை இரண்டு முகவரியில் மேப் செய்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரமாக இரவுதோறும் ஓடுகிறது, பூஜ்யம் தலைகாட்டவில்லை. பேரியரைத் தனிச் செய்தியாக மாற்றினேன். பங்குகளுக்கு நடுவே 2048 பைட் வெற்றிடம் விட்டேன். பிறகு எல்லை வரிசைகளை மட்டும் பேரியரோடு சேர்த்தே அண்டைக் கணினிக்கு அனுப்பிவிடுகிறேன். செய்திக்காரரே, சிரிக்காதீர்கள். தகட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் உலோகத்தின் கடத்துதிறன் சொல்லும் ஒரு பெரிய பட்டியலை இப்போது சேர்த்திருக்கிறேன். அது மட்டும் பகிர்ந்த மெமரியிலேயே இருக்கிறது. யாரும் எழுதுவதில்லை, ஒவ்வொரு கணினியும் தனக்கு வேண்டிய பக்கத்தை வாழ்நாளில் ஒருமுறை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேகம் நான்கு மடங்கு இல்லை, மூன்றைக் கொஞ்சம் தாண்டுகிறது.

இரவுப்பணி கேட்ட கேள்வியையும் சோதித்தேன். ஓடும்போதே மூன்றாவது கணினியின் கேபிளைப் பிடுங்கினேன். மற்ற மூன்றும் ஒரு பிழைச் செய்திகூட இல்லாமல் அப்படியே நின்றன. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் நின்றுகொண்டிருந்தன. இப்போதைக்கு ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை அட்டவணையை டிஸ்கில் எழுதிவைக்கிறேன், பேரியரில் ஐந்து செகண்ட் டைம்-அவுட் வைத்திருக்கிறேன், தாண்டினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டிஸ்கில் இருப்பதிலிருந்து தொடங்கும்.

#25 செய்திக்காரன்

சிரிக்கவில்லை. எல்லை வரிசையை அனுப்பும்போது நடு வரிசைகளின் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா, இல்லை இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா?

#26 நூலிழை

நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். ஐயோ.